மயிலை திரும்பி வந்த சாயங்காலம்

...இல்லீங்க, இதைச் சொல்லாம நான் வாழ்த்த மாட்டேன். இப்பப் பேசிட்டு உக்காந்தாரே ஒரு பெரியவர், மணப்பொண்ணப் பாத்து என்ன சொன்னாரு? "போற எடத்துல எது வந்தாலும் பொறுத்துப் போம்மா"ன்னாரு. மண்டபமே கையத் தட்டுச்சு. நான் தட்டலீங்க! அதனால ஒரு குட்டிக் கதை சொல்லிக்கறேன். பந்திக்கு எந்திரிக்காதீங்க, சீக்கிரம் முடிஞ்சிரும்.

காங்கேயம் பக்கம் ஒரு சின்ன டவுன். அங்க நாச்சிமுத்துன்னு ஒருத்தர். மாடு வளக்கறதுதான் தொழில். கிளுவ முள்ளு வேலி போட்ட மேய்ச்சக்காடு, வீட்டை ஒட்டியே மாட்டுக் கொட்டாய். குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார். வெளியூர் போனா சம்சாரம் தெய்வாத்தாளுக்குப் பூ வாங்காம வர மாட்டார். "குடும்பஸ்தன்னா நாச்சிமுத்து மாதிரி இருக்கணும்"னு ஊரே சொல்லும். நல்ல மனுசன்... ஞாபகம் வெச்சுக்குங்க. கெட்டவன் கதைய நான் சொல்ல வரலை.

அவர் மாடு விக்கற அழக நீங்க பாக்கணும்! வாங்க வந்தவன உக்கார வெச்சு, "ஏனுங்க, உங்க காட்டுல நெழலு இருக்குதுங்களா? கோடையில தண்ணி எங்க காட்டுவீங்க? மாட்டைப் பாத்துக்கற ஆளுக்குக் கோவம் வருமுங்களா?" கேள்வி மேல கேள்வி! சரி... தன்னோட ஒரே மக மைனாவதியக் கட்டிக் குடுத்தப்ப என்ன கேட்டாரு? தோட்டம் எவ்வளவு? கெணத்துல தண்ணி இருக்குதா? அவ்வளவுதான்! மாப்பிள்ளைக்குக் கோவம் வருமான்னு கேட்டாரா? கேக்கலீங்க!

அந்தப் பக்கத்துல ஒரு வழக்கம் உண்டு. மாட்டை வித்தாலும் கழுத்துக் கயித்தக் குடுக்க மாட்டாங்க. வாங்கறவன் புதுக் கயிறு கொண்டாரணும். பழைய கயித்த அவுத்து வீட்டு ஆணியில மாட்டிருவாங்க. மாடு போனாலும் அதோட கயிறு இந்த வீட்டுலதான் இருக்கும். அப்படித்தான் நாச்சிமுத்து தன் செல்லப் பசுவை, சாம்ப நெறத்து மயிலையைப் பக்கத்து ஊர்க்காரன் ஒருத்தனுக்கு வித்தாரு. கயிறு ஆணிக்குப் போச்சு.

கொஞ்ச நாள் கழிச்சு மக வந்து வாசல்ல நின்னா. கையில ஒரு பை. முதுகுல பெல்ட்டுத் தடம். அப்பன் என்ன சொன்னாரு தெரியுமா?

"கோவக்கார மனுசன்... நீதான் கண்ணு அனுசரிச்சுப் போகோணும். நாலு பேரு கேட்டா நான் என்னன்னு சொல்றது? சாயங்காலம் பஸ்ஸேத்தி உட்டர்றேன்."

கேட்டீங்களா? நல்ல மனுசன் பேசற பேச்சக் கேட்டீங்களா?

சாயங்காலம் ஆச்சு. பையை மடியில வெச்சுக்கிட்டு மக உக்காந்திருக்கா. அப்பப் பாத்து... அந்த மயிலை கயித்த அத்துக்கிட்டு ஓடி வந்து நிக்குது! நாச்சிமுத்து ஓடிப் போயி தடவறாரு. முதுகுல சாட்டை வீங்கின தடம். பொலபொலன்னு அவர் கண்ணுல தண்ணி! "தெய்வாத்தா, மஞ்சளும் வேப்பெண்ணெயும் கொண்டா"ன்னு கத்தறாரு. அதுக்குள்ள வாங்கினவன் வண்டியில வந்து எறங்கறான்.

"என்னங்க பண்றது, புது எடம்... நாலு அடி வெச்சாத்தான் பழகும். நீங்களே புடிச்சுக் குடுங்க, ஓட்டிட்டுப் போறேன்."

நாச்சிமுத்து நெஞ்ச நிமித்திக்கிட்டு நின்னாரு. "அடிக்கற கைக்கு எங்கூட்டுல இருந்து திருப்பி அனுப்பறதில்ல. குடுத்த பணத்தைத் திருப்பி வாங்கிட்டுக் கெளம்பு!"

அடடா! என்ன வீரம்! என்ன ரோசம்! ஆணியில இருந்த பழைய கயித்த எடுத்து மயிலையப் பழைய எடத்துலயே கட்டினாரு. கட்டிட்டு, கையத் தொடச்சுக்கிட்டு, மகளப் பாத்துச் சொன்னாரு... "அம்மிணி, கெளம்பு. பஸ்ஸு வந்துரும்."

மைனாவதி எந்திரிச்சா. அழுகல. அந்த வெத்து ஆணியப் பாத்துக்கிட்டே கேட்டா... "ஏனுங்கப்பா, இந்த வீட்டுல எனக்குன்னு ஒரு ஆணி இருக்குதுங்களா?"

எண்ணெய்க் கிண்ணத்தோட வந்தா தெய்வாத்தா. நேரா மாட்டுக்குத்தானே போகணும்? போகலீங்க. மாட்டைத் தாண்டி வந்து, மகளப் புடிச்சு உக்கார வெச்சு, பின்னாடி தானும் உக்காந்து, அந்த முதுகுல எண்ணெயத் தொட்டு வெச்சா. புருசன நிமுந்துகூடப் பாக்கல.

நாச்சிமுத்து மக கையில இருந்த பையை வாங்கினாரு. அந்த ஆணியில மாட்டினாரு. போனை எடுத்தாரு. "மாப்ளே, அடிக்கற கைக்கு எங்கூட்டுல இருந்து திருப்பி அனுப்பறதில்லீங்க."

...நிறுத்துங்க! எதுக்குக் கையத் தட்டறீங்க? மாடு வந்ததாலதானே அந்த மனுசனுக்குப் புத்தி வந்துச்சு? அது கயித்த அத்துக்கிட்டு வராம இருந்திருந்தா? அந்தப் பொண்ணு பஸ்ஸேறியிருக்கும்! பெத்தவனுக்கு மகளோட முதுகு தெரியறதுக்கு ஒரு மாடு வந்து அடிபட்ட முதுகக் காட்டணுமா? உங்க வீட்டுல மாடு இருக்குதா? வந்து சொல்லுமா? பொறுத்துப் போ, பொறுத்துப் போன்னு சொல்றோமே... மாட்டுக்கிட்ட என்னைக்காவது அப்படிச் சொல்லியிருக்கமா?

வாசல்ல மக வந்து நின்னா, "எப்பம்மா திரும்பப் போறே"ங்கறதுதான் மொதக் கேள்வியா? "சாப்பிட்டியா"ன்னு கேளுங்கய்யா! அவ தங்கட்டும். நாலு பேரு கேட்டா, "எம் பொண்ணு, என் வீட்டுல இருக்கா"ன்னு சொல்லுங்க.

பொண்ணோட அப்பா எங்க? வாங்க ஐயா, மேடைக்கு வாங்க. உங்க வீட்டுச் சாவி பாக்கெட்டுலதானே இருக்கும்? அதுல ஒன்னைக் கழட்டி இந்தப் புள்ளை கையில குடுங்க. மாப்பிள்ளை தங்கமான பையன், அது அவளுக்குத் தேவைப்படவே வேண்டாம். ஆனா அவகிட்ட இருக்கணும்.

நீங்க சாவிய எடுங்க... நான் மைக்கைப் புடிச்சுக்கிட்டு நிக்கறேன். குடுத்ததுக்கு அப்புறம்தான் வாழ்த்து.