கணவர் கையெழுத்தை நான் போட்டது குறித்து

என் பெயர் குந்தளா பிசோயி, வயது 34, கணவர் பெயர் நகுல பிசோயி. ஒடிசா மாநிலம் கஞ்சம் மாவட்டம் அஸ்கா, கோபால் கோயில் தெருவில் குடியிருந்து அப்பளம் போட்டு விற்று வருகிறேன். என் கணவர் சூரத்தில் தறி ஆலையில் வேலை பார்க்கிறார். அவர் கடைசியாக லீவில் வீட்டுக்கு வந்து மூன்று வருடங்கள் ஆகின்றன. ஒவ்வொரு வருடமும் ஜூன் மாதம் ரஜ பண்டிகைக்கு வருவதாகச் சொல்வார், நானும் பிட்டா என்ற அரிசிப் பலகாரம் சுட்டு வைப்பேன், அதன்பிறகு லீவு கொடுக்கவில்லை என்று போன் வரும்.

கடந்த மார்ச் மாதம், அப்பள எந்திரம் வாங்க எங்கள் ஊர் வங்கிக் கிளையில் சிறுதொழில் கடனுக்கு என் பெயரில் மனுக் கொடுத்தேன். இரண்டு பேர் நின்று ஓட்டும் எந்திரத்துக்கு விலைப்பட்டியல் வைத்திருந்தேன். தனியாள் எந்திரம் போதாதா என்று அங்கிருந்த கடன் அலுவலர் கேட்டார். நான் விலைப்பட்டியலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். அதன்பிறகு அவர், "கல்யாணமான பொம்பளைக்கு வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாம ஆகாதும்மா, போட்டு வாங்கிட்டு வாங்க" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

கணவருக்குப் போன் செய்தேன். ரஜ பண்டிகைக்கு வரும்போது போட்டுத் தருவதாகச் சொன்னார். பண்டிகை முடிந்தும் அவர் வரவில்லை. அதன்பிறகு பெட்டியில் இருந்த பழைய வாடகைப் பத்திரத்தில் அவருடைய கையெழுத்தைப் பார்த்து, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிப் பழகினேன். ஏழாவது தடவை சரியாக வந்தது. அதற்குப் பிறகும் தாள் நிறையும்வரை எழுதினேன். மறுநாள் வங்கித் தாளில் அவர் பெயரை நானே போட்டுக் கொடுத்தேன். என்னை யாரும் தூண்டவில்லை.

கடன் கிடைத்து எந்திரமும் வந்தது. நவம்பரில் பார்வையிட வந்த வங்கி ஊழியரிடம் கணவரின் அண்ணன், தன் தம்பி ஊருக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். அதன்பேரில் வங்கி புகார் கொடுத்தது. காவல் நிலையத்திலிருந்து சூரத்துக்குத் தகவல் போனது. நேற்று காலை என்னை விசாரணைக்கு அழைத்திருந்தபோது என் கணவர் ரயிலில் வந்து நேராக நிலையத்துக்கே வந்தார். தலை பாதி நரைத்திருந்தது. உதவி ஆய்வாளர் தாளைக் காட்டியதும், "என் கையெழுத்துதான் சார், நான்தான் போட்டேன்" என்றார்.

நான், "பொய் சொல்லாதீங்க, அன்னிக்கு நீங்க ஆலையில இருந்தீங்க, வருகைப் பதிவுல தெரிஞ்சிடும்" என்றேன்.

அதற்கு அவர், "நீ சும்மா இரு குந்தளா. உனக்குன்னு நான் வேற என்னத்தைச் செஞ்சிருக்கேன்?" என்றார்.

அதன்பிறகு, விசாரணைக்கு நிலையத்துக்கு வந்திருந்த, புதிதாக மாற்றலாகி வந்திருக்கும் வங்கி மேலாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, தனிநபர் சிறுதொழில் கடனுக்குக் கணவர் கையெழுத்தே தேவையில்லை, கேட்டது அலுவலரின் தவறு என்றும், புகாரைத் திரும்பப் பெற மேலிடத்துக்கு எழுதுவதாகவும் சொன்னார். இருந்தாலும் கையெழுத்துப் போட்டது நான்தான். என் கணவர் சொன்னதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அவருக்கு எத்தனை நாள் லீவு என்று நேற்றிலிருந்து நான் கேட்கவில்லை. அவர் இப்போது நிலைய வாசலில் நிற்கிறார். இந்த வாக்குமூலத்தை எழுதுவதைச் சீக்கிரம் முடித்து என்னை அனுப்பிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை ஒடியாவில் எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான் இதில் இருக்கிறது, கூட்டியதோ மறைத்ததோ இல்லை.

(ஒப்பம்) குந்தளா பிசோயி