தம்பதிவக்காரி

ருவான்வெல்லைப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் பிரஜாவுரிமைக்கு வரிசையில் நின்றோம். என் படிவத்தை நானே நிரப்பியிருந்தேன். எனக்கு முன்னால் ரப்பர் தோட்டத்துப் பெண்கள் இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கடைக்காரச் சிங்கள நோனாம்மா தம்பதிவ யாத்திரை போறாங்களாம், அக்கா."

"அது எந்தப் பக்கம்?"

"இந்தியாதான். புத்தரு இருந்த நாடுன்னு சிங்களத்துல அப்படிச் சொல்வாங்க."

"நம்ம தாத்தாவும் அங்கயிருந்துதானே வந்தாரு? நம்மள மட்டும் ஏன் இந்தியாக்காரிங்கிறாங்க?"

"புத்தரு ரப்பர் வெட்ட வரலியே, அக்கா."

அக்காவின் முறை வந்தது. தாத்தா எங்கிருந்து வந்தவர் என்று மேசைக்குப் பின்னாலிருந்த அதிகாரி மஹத்தயா சிங்களத்தில் கேட்டார்.

"தம்பதிவ, மஹத்தயா."

அவருடைய பேனா நின்றது. சிரிப்பை அடக்கிக்கொண்டு நாற்காலியைக் காட்டினார்.

திரும்பி வந்தவள் கையில் முத்திரை குத்திய தாள் இருந்தது.

"போன வாட்டி இந்தியான்னேன். எந்த ஊருன்னு கேட்டு, நிக்க வச்சே திருப்பி அனுப்பிட்டாரு. இன்னிக்கு நாற்காலி குடுத்தாரு. நீயும் அப்படியே சொல்லு."

நான் என் படிவத்தைப் பார்த்தேன். அதில் இந்தியா என்று மணிமணியாக எழுதியிருந்தேன்.