இருபத்திரண்டு அரைக்காசுகள்

உங்கள் கதிரை உட்கார வசதியாக இருக்கிறது. என் பட்டறையிலும் இப்படி ஒன்று இருந்திருந்தால் இடுப்பு இந்தப் பாடு படுத்தாது. சாம்பவி பிள்ளை, நான் சொல்வதைப் பூசி மெழுகாமல் இந்தப் பொலிஸ் அதிகாரிக்குப் பிரெஞ்சில் மொழிபெயர்த்துச் சொல்லிவிடும்.

என் பெயர் ஸ்ரீஸ்கந்தராசா. ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் இருபது வருடமாக நகை செய்கிறேன். எங்கள் ஆட்களின் கல்யாணத்துக்கு முன் பொன்னுருக்கு நடக்கும். மாப்பிள்ளை வீட்டார் தரும் தங்கக் காசை அவர்கள் கண் முன்னே உருக்கித்தான் தாலி செய்வேன். காசு உருகுவது எங்களுக்கு மங்கலம். இதை விளங்கிக்கொள்ளாமல் என்னைக் குற்றவாளி என்று எழுத வேண்டாம்.

முசியே பெர்னார் பாண்டிச்சேரிக்காரர், தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மார்கழியில் பழங்காசுகள் இருந்த ஒரு துணிப்பையைத் தந்து, கண்காட்சியில் வைப்பதற்கு ஒவ்வொரு காசுக்கும் சின்னச் சட்டம் செய்யச் சொன்னார். இங்கிலாந்து நோர்மன்கள் அயர்லாந்தை ஆண்ட காலத்து வெள்ளிக்காசாம். டப்ளினில் அச்சில் வைத்துச் சுத்தியலால் அடித்தது, எழுநூற்றைம்பது வருடப் பழசு, முக்கோணத்துக்குள் அரசனின் தலை. நாற்பது வருடம் தேடிச் சேர்த்தேன், பெண்டாட்டி பிள்ளை இல்லாத எனக்கு இதுதான் எல்லாம் என்றார்.

அவர் போன பிறகு அவிழ்த்துப் பார்த்தேன். இருபத்திரண்டும் பாதி பாதி. ஒன்றுகூட முழுசில்லை. மனிதர் பாவம், யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று உண்மையாகவே இரக்கம் வந்தது. உருக்கினேன். எஃகில் அச்சு வெட்டி, ஒவ்வொன்றாகக் கையால் அடித்து, பதினொரு முழுக்காசு செய்தேன். அதே வெள்ளி, அதே முக்கோணம். அரசனின் மூக்கு முன்பைவிட நேராக வந்தது.

செவ்வாய் பின்னேரம் வந்தார். உலைச் சூட்டுக்குக் கோட்டைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டுத் தட்டைப் பார்த்தார். தன் காசுகள் எங்கே என்று கேட்டார்.

“உடைஞ்சதை எல்லாம் உருக்கி முழுசாக்கிப்போட்டன், முசியே.”

“உடைஞ்சது இல்ல, ராசா. அந்தக் காலத்து ஜனங்க வெட்டினது.”

அப்போது சில்லறை போதாதாம். காசின் பின்புறச் சிலுவைக் கோட்டோடு வெட்டி, பாதியை அரைக்காசாகச் செலவழிப்பார்களாம். சந்தைக்குப் போன யாரோ ஒருத்தியின் வெட்டு அது, அதைத்தான் நான் சேர்த்தேன் என்று அழுதார். பையைத் தரும்போதே சொல்லியிருக்கலாம். நான் மன்னிப்புக் கேட்கவில்லை, இப்போதும் கேட்கமாட்டேன். என் கைவேலைக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னாரா, அதுவுமில்லை.

“இந்தத் தெருவுல ஒரு வீடு விடாம சொல்லுவேன். உன் கையில இனி ஒருத்தரும் பொன் குடுக்க மாட்டாங்க.”

வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு பொன்னுருக்கு இருந்தது. கைராசிக்காரன் என்று பெயரெடுக்க இருபது வருடம் ஆனது. அதை ஒரு பின்னேரத்தில் அழிக்க அவர் யார்?

சொல்லிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இருதய வருத்தக்காரர். நாக்குக்குக் கீழே அடிக்கும் மருந்து கோட்டுப் பைக்குள் இருக்கிறது என்று கையைக் காட்டினார். இரண்டு தரம் காட்டினார். பிறகு காட்டவில்லை. அம்புலன்சை அழைத்தது நான்தான், அவருடைய கை விழுந்து கால் மணி நேரம் கழித்து.

ஒன்றை மட்டும் சரியாக எழுதச் சொல்லும், பிள்ளை. மருந்தை நான் ஒளிக்கவில்லை. கோட்டை மடித்து என் மடியில் வைத்து, கீழே விழுந்து அழுக்காகாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.