கல்யாண வளையல்

— இந்தாக்கா, நம்ம சங்கத்து நிரோத் பாக்கெட்டு. மிச்சமிருக்கறத வேற புள்ளைங்களுக்குக் குடுத்துடு.

— ஏன் செல்லி, ரோட்டுக்கே போவறதில்லன்னு முடிவு பண்ணிட்டியா?

— ஆமாக்கா. சாயங்காலம் நஞ்சப்பன் லாரிய நிறுத்திட்டு வராரு. கோயில்ல தாலி கட்றேன்னுட்டாரு. ஊருக்கெல்லாம் வளையல் போடற கை, எனக்கும் போட்டு வுடு ரோஷன்க்கா.

— ஒக்காரு, கையக் குடு. பச்சையா, செவப்பா?

— பச்சை. அக்கா, உனக்கு மனசுல ஒண்ணுமில்லியே? மொதல்ல அவரு உங்கிட்ட வந்தவரு.

— அது ஆச்சி எத்தினியோ வருசம். தொப்பூர் எறக்கத்துல ஆரன் அடிப்பாரே, அது மட்டும் இன்னும் காதுலயே இருக்குது.

— சீட்டுக்கு அடியில ஓசூர் திராட்சை கொண்டாருவாரு. நீ கொட்டைய என் மேலயே துப்புவ.

— காரிமங்கலம் சினிமாக் கொட்டாயில நம்ம ரெண்டு பேரையும் உள்ள வுடமாட்டேன்னுட்டான். இவரு லாரியக் கொட்டாய்த் தட்டியோரமா நிறுத்தி, கேபின் மேல ஏத்தி ஒக்கார வெச்சாரு. ‘மகராணிங்களா, இதான் நம்ம பால்கனி’ன்னாரே.

— அப்படிச் சிரிச்சோமே. அந்த நாளு இனிமே வராதுக்கா.

— வராது. கைய எளக்கமா வுடு. ஏ புள்ள, தாலி கட்டட்டும், சந்தோசம். பாக்கெட்ட ஏன் திருப்பிக் குடுக்கற?

— கட்டனவருகிட்ட அதக் கேப்பாங்களா? பாக்கெட்டு இல்லாம யாரையும் சேக்கறதில்லன்னு சங்கத்துல சத்தியம் பண்ணதுக்காவ இத்தினி நாளும் கேட்டேன். ‘என்னையும் ரோட்டுல போறவன்னு நெனச்சியா’ன்னு மொகம் சுண்டிப் போனாரு. எனக்கு ஒரு புள்ள வேணும்க்கா.

— பெத்துக்க. மொதல்ல அவரையும் ரத்தம் பாக்கச் சொல்லு. இந்தப் புது வியாதி மூஞ்சியில தெரியாது, ரத்தத்துல இருக்கும்னு டாக்டரம்மா சங்கத்துல சொன்னாங்கல்ல?

— கல்லாட்டம் இருக்கறாரு, அவருக்கென்ன. மெட்ராசுக்கு அனுப்புனாங்களே, என் ரத்தத்துல ஒண்ணுமில்லன்னு வந்துச்சி. உனக்கும் வந்திருக்குமே?

— ம். வந்துச்சி.

— அப்பறம் என்ன? கோவிச்சிக்காத, நீ பொறாமையில பேசற. அவரு போனதுல இருந்து ஒருத்தரையும் கிட்ட சேக்காம வளையப் பொட்டியத் தூக்கிட்டு நடந்தியே, எனக்குத் தெரியாதா? அந்தப் பொட்டி அடித்தட்டுல பாக்கெட்ட வெச்சி, தாபா தாபாவா எங்களுக்குக் குடுத்தவ நீ. உனக்கு எம்மேல பாசம் இருக்குது. ஆனா இந்த ஒரு விசயத்துல பொறாமைதான்.

— பொறாமைன்னே வெச்சிக்க. அவரு போனப்ப அழுதேன், நெசந்தான்.

— ஐயோ, வளையல் ஒடஞ்சிடுச்சி. உன் வெரலுதான் கிழிஞ்சிடுச்சி, குடு.

— வேண்டாம், வுடு.

— என்னக்கா புதுசா? எப்பவும் நாந்தான வாயில வெச்சி உறிஞ்சி வுடுவேன்.

— தொடாத செல்லி. எனக்கு மெட்ராசுல இருந்து வந்தது வேற முடிவு. வயித்துல நிக்கக் கூடாதுன்னு சங்கம் வர்றதுக்கு முன்னாடியே எல்லார்கிட்டயும் பாக்கெட்டு கேட்டவ நான். ஒருத்தர்கிட்ட மட்டுந்தான் கேக்க மனசு வரல.