கொல்மிக்குப் போகாத அரிசி

இலிஷ் மீனை முள் சிக்காமல் தின்னத் தெரியாதவனுக்கு எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்க மாட்டார்கள். நான் சின்ன வயசிலேயே பழகிவிட்டேன். நாக்கு தானாக முள்ளை ஒதுக்கிவிடும். அவசரப்படக் கூடாது, அவ்வளவுதான். நீங்களும் அவசரப்படாமல் கேளுங்கள் இன்ஸ்பெக்டர் சாகிப், எல்லாவற்றையும் சொல்கிறேன்.

நான் மீன்வள மேலாண்மை சொல்லிக்கொடுக்கிறவன். எங்கள் பல்கலைக்கழகம் சின்னது. மழை பெய்தால் ஆய்வுக்கூடத்தில் பக்கெட் வைப்போம். ஆனால் மேக்னா நதி எங்கள் வாசலில் ஓடுகிறது. வருஷா வருஷம் இலிஷ் முட்டையிட நதியேறும்போது மீன்பிடிக்கத் தடை வரும். அந்த நாட்களுக்கு மீனவக் குடும்பங்களுக்கு அரிசி உண்டு. அதை ஊர்த் தலைவர்கள் ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார்கள். அதனால் இந்தத் தடவை பக்கத்து ஊர்களின் அரிசியைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் விட்டார்கள், அதாவது என் பொறுப்பில். ரெஜாவுல் சார் கை சுத்தம் என்று மீனவர்களே போய்ச் சொன்னார்களாம். உண்மைதான். ஒரு பிடி நான் எடுக்கவில்லை. போய்ப் பாருங்கள், கொல்மி ஊரின் மூட்டைகள் கிடங்கில் எலி கடிக்காமல் அப்படியே இருக்கின்றன.

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்று சொல்லாத வாய் கிடையாது. யாராவது அதை நிரூபித்திருக்கிறார்களா? அரிசி கொடுத்தால் மீனவன் தடையை மதிக்கிறானா என்று தெரிய வேண்டுமென்றால், அரிசி கொடுக்காத ஊர் ஒன்றும் வேண்டும். இது என் முதலாம் ஆண்டு மாணவனுக்கே தெரியும். கொல்மியும் ஷிமுலியும் நதிக்குள் எதிரெதிரே கிடக்கும் மணல்திட்டுகள். அதே ஜனம், அதே வலை, அதே இல்லாமை. ஷிமுலிக்கு அரிசி போயிற்று. கொல்மிக்காரர்களிடம் படகு வரவில்லை, உத்தரவு வரவில்லை என்று ஏதாவது சொல்லிவைத்தேன். உண்மையைச் சொன்னால் ஆய்வு கெட்டுவிடும்.

சரமாவை முன்பே தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். கொல்மிக்காரி, வீடு வீடாக மீன் விற்பவள். போன வருஷம் மாணவர்களை அந்த ஊருக்குக் கூட்டிப்போயிருந்தேன். நதிக்காகக் கொஞ்ச நாள் வயிற்றைக் கட்டினால் என்ன என்று ஜனங்களுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் வயிற்றுப்பிள்ளைக்காரியாக நின்றுகொண்டு இவள் கேட்டாள்:

"சார், தடை நேரத்துல உங்க வீட்டம்மா எங்கிட்ட வாங்கின சினை இலிஷ் ருசியா இருந்துச்சா? அதையும் வயித்தைக் கட்டிக்கிட்டுத்தான் தின்னீங்களா?"

என் மாணவர்கள் சிரித்தார்கள். முதல் வரிசையில் உட்காரும் பெண்கள்கூட. அதையெல்லாம் அன்றே மறந்துவிட்டேன்.

தடை பாதி கடந்தபோது அவள் என் அறைக்கு வந்தாள். இடுப்பில் குழந்தை. பால் வற்றிவிட்டதாம், கஞ்சித் தண்ணீருக்கும் வழியில்லையாம். புருஷன் சுபல் நதியில் இறங்கத் துடிக்கிறான், இன்று அரிசி கிடைத்தால் அவனைத் தடுத்துவிடுவேன் என்றாள். நான் நாற்காலியைக் காட்டினேன். அவள் தரையில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு வாய்த்துடுக்காப் பேசிட்டேன் சார். அதை மனசுல வச்சிக்கிட்டீங்களா? செருப்பால வேணா அடிங்க. அரிசிய மட்டும் குடுத்துருங்க."

"அதெல்லாம் அப்பவே மறந்தாச்சும்மா. மேலிடத்துல இருந்து உத்தரவு வரணும்" என்றேன்.

கிடங்குச் சாவி என் சட்டைப்பையில் இருந்தது. அவள் அழுததைப் பார்க்க மனசுக்கு இதமாக இருந்தது, அதை மறைப்பானேன். அவள் போனதும் ரோந்துப் படகுக்காரர்களுக்குப் போன் செய்து, கொல்மி ஓடைமேல் கண் வைக்கச் சொன்னேன். மீறுகிறவனைப் பிடித்தால்தானே மீறினான் என்று நான் எழுத முடியும்?

மறுநாள் விடிவதற்கு முன் சுபல் இறங்கினான். ரோந்து விளக்கு பட்டதும் வலையோடு தண்ணீரில் குதித்தானாம். வலை காலைச் சுற்றிக்கொண்டது. ஷிமுலிக்காரர்கள்தான் உடலைக் கரை சேர்த்தார்கள். அரிசி வாங்கிய ஷிமுலியிலிருந்து தடை முடியும்வரை ஒரு படகுகூட மீன்பிடிக்கப் போகவில்லை. இவ்வளவு தெளிவான முடிவு எங்கள் துறையில் லேசில் கிடைக்காது. குழந்தை அதற்குப் பிறகு போயிற்று. அதை நான் ஆய்வில் சேர்க்கவில்லை. மீன்வளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கொல்மியை ஏன் எடுத்தேன் என்கிறீர்கள். சரமா உங்களிடம் என்னென்னவோ சொல்லியிருப்பாள், பாவம், புருஷனையும் பிள்ளையையும் இழந்தவள். பகையாவது ஒன்றாவது. இந்த மாதிரி ஆய்வில் ஊரை நாம் தேர்ந்தெடுக்கவே கூடாது, சீட்டுக் குலுக்கித்தான் எடுக்க வேண்டும். அரிசி நிறுத்த வேண்டிய ஊருக்காக இரண்டு பெயரையும் எழுதி, டீக் கோப்பையில் போட்டு நானே குலுக்கினேன். ஷிமுலி வந்தது. சீட்டுகள் சரியாகக் கலையவில்லை என்று எனக்குப் பட்டது. மறுபடி குலுக்கினேன், மறுபடியும் ஷிமுலி. நான்காவது தடவைதான் நன்றாகக் கலைந்திருந்தன.