இருபத்தாறு சாவிகள்

எனக்குத் தட்டச்சு முறைப்படி தெரியாது. இரண்டு விரல்தான். காரைக்குடியில் கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு, புதுவயலில் ஒரு அரிசி மில்லில் இரவு ஷிப்டுக்குச் சேர்ந்தேன். டெலக்ஸ் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இங்கே தட்டினால் தூத்துக்குடி மண்டியில் எழுத்து விழும். நல்ல மெஷின்.

அரிசி, மூட்டை, லாரி என்று தினமும் போகும் ஆங்கிலச் சொற்கள் இருபதுக்குள்தான். அவற்றின் எழுத்துகளை என் இரண்டு விரலுக்கும் பக்கத்தில் கொண்டுவந்தேன். மூடியைத் திறந்து, சாவிகளுக்கு அடியில் இருந்த கம்பிகளை இடம் மாற்றினேன், அவ்வளவுதான். சாவித் தலையில் இருந்த எழுத்துகளை அப்படியே விட்டுவிட்டேன். 'ஏ'யைத் தட்டினால் 'ஆர்' விழும். எனக்குத் தெரிந்தால் போதும். வேறு யாரும் அதைத் தொடுவதில்லை.

1976 ஐப்பசியில் அன்னக்கிளியைச் சேர்த்தார்கள். டைப்பிங்கில் ஹையர் பாஸ். அவள் பழகிக்கொண்டதும் என்னை அனுப்பிவிடுவதாக மேனேஜர் உடையப்பன் சொன்னார். சாவிகளைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அவளுடைய முதல் நாள் காலை. நான் ஷிப்டு முடிந்து எதிர்க்கடையில் டீயும் வடையுமாக இருந்தேன். உடையப்பன் வேட்டியை மடித்துக் கட்டியபடி ஓடிவந்தார்.

"ஏப்பா சோணைமுத்து, வா இங்குட்டு. அந்தப் புள்ள அடிச்சா கோழி கிளறுன மாதிரி வருது."

நடந்துகொண்டே விஷயத்தைச் சொன்னார். தூத்துக்குடியில் லோடு இறக்கிவிட்டுத் திரும்பிய டிரைவர் செம்மலை, லாரியைக் கழுவும்போது பார்த்திருக்கிறான். பழைய லோடில் தங்கிவிட்ட பூச்சிமருந்து டின் ஒன்று மூட்டைகள் அடுக்கியிருந்த இடத்தில் நசுங்கிக் காலியாகக் கிடந்தது. அந்த அரிசி மண்டியிலிருந்து ஒரு கல்யாண வீட்டுக்குப் போகிறது. பத்தரைக்கு முதல் பந்தி. மழையில் டிரங்க் போன் லைன் அறுந்துவிட்டது. டெலக்ஸ் லைன் மட்டும் பிழைத்திருந்தது. அப்போது மணி எட்டேமுக்கால்.

அன்னக்கிளி அழவெல்லாம் இல்லை. ஒவ்வொரு சாவியாகத் தட்டி, எந்த எழுத்து விழுகிறது என்று ஒரு காலண்டர் அட்டையில் குறித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தா முடிஞ்சிருச்சுண்ணே. இதப் பாத்து அஞ்சு நிமிசத்துல அடிச்சுப்புடுவேன்."

"மெஷின் கெட்டுக்கெடக்கு ஆத்தா. கழத்தித்தான் பாக்கணும்" என்றேன்.

"ஏண்ணே கழத்துறீக? அதான் எல்லா எழுத்தும் வருதுல்ல?"

உடையப்பன் அதட்டினார். "இன்னிக்கு வந்தவ நீ. அவன் நாலு வருசமா இதோடயே கெடக்கான். எந்திரி."

இருபத்தாறு கம்பிகள். ஒவ்வொன்றாகக் கழற்றி, துடைத்து, எண்ணெய் விட்டு, கம்பெனி வைத்திருந்த இடத்திலேயே மாட்டினேன். நிறையத் தூசி. அரைகுறையாக வேலை பார்ப்பது எனக்குப் பிடிக்காது. பதினொன்றேகாலுக்குச் செய்தி போனது, ஒரு பிழையும் இல்லாமல்.

மூன்று மணிக்குப் பதில் வந்தது. பதினான்கு பேர். அதில் மாப்பிள்ளையின் தங்கையும் ஒருத்தி.

மில்லில் என்னை நிரந்தரமாக்கினார்கள். மெஷினைக் கெடுத்தவள் என்று அன்னக்கிளியை அனுப்பிவிட்டார்கள். அப்படி நான் சொல்லவே இல்லை.

அந்த அட்டை எங்கே என்று கேட்டீர்கள். என்னிடம்தான் இருக்கிறது. வேலையைத் தொடங்கும் முன்பே அதைப் படித்துப் பார்த்தேன். இருபத்தாறு எழுத்தும் சரி. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் திருப்புளியை எடுத்தேன். அவசரத்தில் அந்தப் பெண் ஒரு எழுத்தைத் தப்பாக அடித்துவிட்டால், அத்தனை உயிருக்கு யார் பதில் சொல்வது?