ஐந்து பத்துக்குத் தட்டிய குடை

தலைமை தாங்கி வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற தபாலதிபர் வீரசிங்கம் ஐயா அவர்களே, கிளினிக் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் நிலூஷா மிஸ்ஸி அவர்களே, பிலிமத்தலாவைக் காலைநடைச் சங்கத்தின் முந்நூறு உறுப்பினர்களே... ஐயா என்னைப் பார்க்கிறார். முப்பத்து நான்கு உறுப்பினர்களே, கடையடைத்து வந்த வியாபாரப் பெருமக்களே, முன்வரிசையில் போனை நீட்டிப் பிடித்திருக்கும் பிள்ளை ஜஹானாவே, எல்லோருக்கும் இருளப்பனின் வணக்கம், ஸலாம்.

ஜஹானாவின் போனில் என் பேச்சு பதிவாகிறது. பிள்ளையின் வாப்பா, நமக்கெல்லாம் அண்ணனாக இருந்த ஜவாஹிர் நானா, கண்மூடி மௌத்தாகி இருபது நாள். உம்மா அனீஸா அக்கா, கணவரை இழந்தவர் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருப்பதால் மண்டபத்துக்கு வர முடியாது. வீட்டில் இருந்து கேட்பார். என் மனைவி வேலாயியிடம் அக்கா ஒரு கேள்வி சொல்லி அனுப்பியிருக்கிறார். அதற்குப் பதில் சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்கப் போவதில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனால் கண்டி மாவட்டத்தில் இருளப்பனைப் போல மைக் பிடிக்க ஆள் கிடையாது என்று பேராதனையில் ஒரு பேராசிரியரே சொல்லியிருக்கிறார். என் கடை ரோல்ஸைத் தின்றுகொண்டேதான் சொன்னார்.

யார் இந்த ஜவாஹிர் நானா? மிளகும் கராம்பும் வாங்கி விற்றவர், அவ்வளவுதானா? ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், மிளகு மூட்டை நிறுக்கிற தராசில் தானே ஏறி நின்றார் அந்த மனிதர். முள் சுழன்ற வேகத்தில் தராசே அழுதது. நூற்றெட்டுக் கிலோ. எதிரே என் சாப்பாட்டுக் கடை, அதற்குள்ளேயே வீடு. வாசலில் நின்று சிரித்தேன்.

"சிரிக்கிறீங்களா தம்பி? வாங்கோ, நீங்களும் ஏறுங்கோ" என்றார்.

"நம்ம ஒடம்பு இரும்பு நானா. தராசு தாங்காது" என்றேன்.

ஏறினேன். இதுவரை ஊருக்குத் தொண்ணூற்றேழு என்று சொல்லி வந்திருக்கிறேன். நூற்றுப் பன்னிரண்டு.

"ஒங்கட கடைல நீங்கதான் பெரிய கஸ்டமர்" என்றார் நானா. மறுநாள் காலை ஐந்து பத்துக்கு என் கடைக் கதவில் குடைப் பிடியால் மூன்று தட்டு. அப்படித்தான் ஐயா, இந்தச் சங்கம் பிறந்தது.

அந்த வாரமே தன் கல்லாவுக்குப் பின்னால் இருந்த கதிரையைத் தூக்கி அறைக்குள் போட்டுவிட்டார். நாள் முழுக்க நின்றும் நடந்தும் வியாபாரம். பேராதனைக்குப் போனால் ஒரு ஹோல்ட் முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்குவார். "மாத்தயா, இன்னும் ஒரு ஹோல்ட் இருக்கு" என்று கண்டக்டர் கத்துவார். "அது என்ட காலுக்குத் தம்பி" என்பார். கலியாண வீட்டில் ஆறு பேர் ஒரே பெரிய சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்தால், பாதிப் பசியில் எழும்பிவிடுவார். எழும்பியவர் சும்மா நிற்பாரா? தண்ணிச் செம்போடு அடுத்த சஹன்காரர்களுக்குக் கை கழுவ ஊற்றப் போய்விடுவார். மிச்சம் இருக்கும் ஐந்து பேரில் நான் இருந்தால், அவர் பங்கு எங்கே போனது என்று யாரும் தேட வேண்டியதில்லை.

இரண்டு வருடத்தில் இருபத்தாறு கிலோ குறைத்தார். இது என் கணக்கல்ல, மிஸ்ஸியின் கொப்பியில் இருக்கிறது.

போன வருடம் நெஞ்சு வலி வந்து இதயக் குழாய்க்குள் வலை வைத்தார்கள். முந்தின எடைக்கு மூன்று வருடம் முன்னாலேயே போயிருப்பீர்கள் என்று டாக்டர் சொன்னாராம். நடக்கலாம், நடக்கத்தான் வேண்டும்; ஆனால் பேச்சு நிற்காத வேகத்தில் நடக்க வேண்டும். பேச மூச்சு முட்டினால் அது கூடின வேகம். அன்றிலிருந்துதான் நம் சங்கத்தில் தனியாக யாரும் நடக்கக் கூடாது, ஜோடியாகப் பேசிக்கொண்டே நடக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. நானாவுக்கு ஜோடி யார்? நான்.

ஏன் என்னைத் தேர்ந்தார்? கடுகண்ணாவை ஏற்றத்தில் சிறுத்தையை நான் குடையால் விரட்டிய கதை உங்களுக்குத் தெரியும். அதை அவருக்கு நாற்பது தடவை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் சிறுத்தை ஒரு முழம் வளரும். "பொய் சொல்லுங்கோ தம்பி, நிப்பாட்டாதீங்கோ. ஒங்கட பொய்தான் என்ட மீட்டர்" என்பார். மனிதர்களே, என் பொய்யால் ஒரு நன்மை நடந்தது உலகத்திலேயே அந்த ரோட்டில் மட்டும்தான்.

இப்போது ஊரில் என்ன பேச்சு? நடந்துதான் ஜவாஹிர் செத்தார், நடக்காமல் நம்ம பாட்டுக்கு இருந்தால் போதும் என்கிறார்கள். முப்பத்து நான்கு பேரில் போன வெள்ளி வந்தது ஐந்து பேர். ஆறு வருடம் அவர் ஒவ்வொரு கதவாகத் தட்டிச் சேர்த்த சங்கம், இருபது நாளில் கதிரைக்குத் திரும்பிவிட்டது.

அனீஸா அக்காவின் கேள்வி இதுதான்: "அண்டைக்கு அவர் ஏன் தனியப் போனாரு? ஏன் அவசரப்பட்டாரு?"

அக்கா, சொல்கிறேன்.

முதல் நாள் கம்பளையில் ஒரு கலியாணம். வயிறு முட்டத் தின்றேன். காலை ஐந்து பத்துக்கு மூன்று தட்டு கேட்டது. எழும்ப மனமில்லை. முடியாது என்று சொல்லவும் கௌரவம் விடவில்லை. போர்வைக்குள் இருந்தபடி வேலாயியிடம் கிசுகிசுத்தேன்: "நான் முன்னாடியே போய்ட்டேன்னு சொல்லு. பலாமரத்து ஹோல்ட்டத் தாண்டியிருப்பாருன்னு சொல்லு."

அவள் ஜன்னலைத் திறந்து சொன்னாள். "நானா, அவரு அப்பவே போய்ட்டாரு. இன்னேரம் பலாமரத்து ஹோல்ட்டத் தாண்டியிருப்பாரு."

வெளியே சிரிப்புக் கேட்டது. "எனக்கு முன்னுக்கா? சரியான ஆள். ஒத்தைல நடக்கக் கூடாதெண்டு தெரியாதா அவருக்கு? நான் எட்டிப் பிடிக்கிறேன்."

செருப்புச் சத்தம் வேகமாகப் போவதைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். போய்விட்டார் என்று மட்டும் சொல்லியிருந்தால் மெதுவாகப் போயிருப்பார். பலாமரத்து ஹோல்ட்டைச் சேர்த்தது நான். எதையும் கூட்டிச் சொல்லாமல் எனக்கு ஒரு வசனம் முடியாதே. அந்த ஏற்றத்தில் பேச ஆளில்லாமல், மூச்சைப் பார்க்க ஆளில்லாமல், கட்டிலில் கிடந்த ஒருவனைத் துரத்திக்கொண்டு ஓடியிருக்கிறார். அதே ஹோல்ட்டின் பெஞ்சில்தான் முதல் பஸ்காரர்கள் அவரைக் கண்டார்கள். குடை கையில் இருந்தது.

நடை அவரைக் கொல்லவில்லை, ஊராரே. நடை அவருக்கு வருடங்களைக் கொடுத்தது. ஜோடியாக நடக்க வேண்டியவனின் பொய்தான் அவரைத் தனியாக விட்டது. அக்கா, மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கில்லை. உங்கள் கேள்விக்குப் பதில் மட்டும் இது. இதில் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

அன்றிலிருந்து தினமும் ஐந்து பத்துக்கு என் கதவில் மூன்று தட்டு கேட்கிறது. வேலாயிக்குக் கேட்பதில்லை. முதல் வாரம் போர்வையை இழுத்துக்கொண்டேன். பிறகு எழும்பிக் கதவைத் திறந்தேன். ரோட்டில் ஒருவரும் இல்லை; கடுகண்ணாவைப் பக்கம் பனிதான் இறங்கியிருந்தது. நான் கதையைத் தொடங்கினேன். சிறுத்தை வந்தது, அதே அளவில்தான் வந்தது. பேச்சு நிற்காத வேகத்தில் ஹோல்ட் வரைக்கும் நடந்தேன். பக்கத்தில் ஒரு செருப்புச் சத்தம் கூடவே வந்தது. பெஞ்சுக்கிட்டே நின்றுவிட்டது.

ஜவாஹிர் நானாவின் வேலையை எடுத்துச் செய்வேன் என்று இந்தச் சபை முன் வாக்குக் கொடுக்கிறேன். நாளைக் காலையில் தொடங்கி உங்கள் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டுவேன். வர முடியாவிட்டால் முடியாது என்று சொல்லுங்கள், ஏசினாலும் பரவாயில்லை. உள்ளே படுத்துக்கொண்டு, போய்விட்டார் என்று மட்டும் சொல்ல வைக்காதீர்கள்.

வெளியே நிற்பவர் அதை நம்பிவிடுவார்.